புதுப்பிப்பு: குப்பைமேட்டுக்கு எந்த நிலநடுக்கப் பதிவுகள்?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஒரு குப்பைமேட்டு வடிவமைப்புக்கு, உச்ச முடுக்கம் (நிலம் குலுங்கும்போது எட்டும் முடுக்கத்தின் உச்ச அளவு) பொருந்தும் நிலநடுக்கப் பதிவுகள் மட்டும் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்று முடிவு செய்திருக்கிறோம். உயரமான குப்பைமேட்டின் இயல்பு அலைவுக்காலம் (ஒருமுறை ஆடி முடிக்க அது எடுக்கும் நேரம்) ஒரு நொடியையும் தாண்டலாம். அதனால் நீண்ட அலைவுக்காலங்களிலும் நிறமாலை (எந்த அலைவுக்காலத்தில் குலுக்கல் எவ்வளவு வலுவானது என்ற வரைபடம்) பொருந்த வேண்டும். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் (அளவு 6.7) போன்ற அருகாமைப் பதிவுகளோடு, 1992 லேண்டர்ஸ் (7.3) போலத் தொலைவிலிருந்து நீண்ட நேரம் குலுக்கியவற்றையும் சேர்த்தோம். அப்புறம், ஒவ்வொரு பதிவையும் திசை மாற்றியும் மாதிரிக் கணக்கில் ஓட்டி, அடிப்படலத்தில் (குப்பைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் படலம்) சறுக்கலைக் கணக்கிடுகிறோம். சராசரியோடு நிறுத்த எனக்கு மனமில்லை, பெரிய சறுக்கல் தரும் பதிவுகளையும் தனியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நார்த்ரிட்ஜ் நடுக்கத்தில் சிகிட்டா கேன்யன் குப்பைமேட்டின் படலம் உண்மையிலேயே கிழிந்தது.