இரும்பும் பெராக்சைடும்: ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

திருப்பூரிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஃபென்டன் ஆக்சிடேஷன்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். கழிவுநீரில் அமிலம் விட்டு பிஎச்-ஐ (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 3 வாக்கில் இறக்குவார்கள். பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கலந்து, ஹைட்ரஜன் பெராக்சைடை மெல்ல விடுவார்கள். இரும்பு பெராக்சைடை உடைக்கும். அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ('ஃப்ரீ ராடிக்கல்' வகைத் துகள்) சாய மூலக்கூறைக் குதறிவிடும். கடைசியில் சுண்ணாம்பு போட்டால் இரும்பு பழுப்புக் கசடாக அடியில் தங்கும்.

பாடநூலில் உள்ளபடி 'ஆக்சிஜனேற்றம்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஆபரேட்டர், "அதான் அந்தத் தொட்டியில புளோயர் ஓடுதே சார், காத்து ஏத்துறதுதானே?" என்கிறார். வேறு சொல் உண்டா?

மதுரையிலிருந்து:

ஆக்சிஜன் என்ற பெயரே பிழையில் பிறந்தது. அமிலங்களுக்கெல்லாம் அதுதான் காரணம் என்று நினைத்து, 'அமிலம் பிறப்பிப்பது' என்ற பொருளில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே அப்படிப் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது மருந்துக்கும் கிடையாது. அந்தப் பிழையை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நமக்கு 'உயிர்வளி' இருக்கிறது.

இரும்புக்கு வருவோம். 'இரும்' என்றால் கருமை. இருளும் இராவும் இதன் உறவுதான் என்பது என் நெடுநாள் கருத்து. மென்றொடர் வன்றொடராகி ('ம்பு' 'ப்பு' ஆகி) இருப்புப்பாதை, இருப்புலக்கை என்று வருவதைக் குழுவினர் அறிவீர்கள். ஆகவே 'இருப்புயிர்வளியேற்றம்'.

திருப்பூரிலிருந்து:

ஐயா, பொறுத்தருள வேண்டும். நீங்கள் தந்த சொல்லைக் கணக்காளரிடம் படித்துக் காட்டினேன். 'இருப்பு' என்றதும் ஸ்டாக் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 'உயிர்வளியேற்றம்' என்றாலும் ஆபரேட்டர் அதே புளோயரைத்தான் காட்டுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பாடநூல்களில் 'ஒட்சியேற்றம்'. பெராக்சைடை 'ஐதரசன் பரவொட்சைட்டு' என்போம், ஹைட்ராக்சிலை 'ஐதரொட்சில் மூலிகம்' என்போம். ஃப்ரீ ராடிக்கலுக்குத் தமிழகத்தில் சொல்லும் 'தனி உறுப்பு' என்பதைக் கேட்டால் எனக்குக் கை கால் ஞாபகம்தான் வருகிறது. ஒரு இலத்திரனுக்காக (உங்கள் எலக்ட்ரான்) அலைகிற சாமானுக்கு அப்படியொரு பெயரா?

மதுரையிலிருந்து:

'மூலிகம்' என்றால் இங்கே நாட்டுமருந்துக் கடைக்குத்தான் வழி காட்டுவார்கள்.

கோவையிலிருந்து:

அந்தக் கடைக்கே போங்களேன்! பெரஸ் சல்பேட்டுக்குத் தமிழ்ப் பெயர் அங்கேதான் இருக்கிறது: அன்னபேதி. நிலக்கடலை இலை மஞ்சளானால் எங்கள் ஊரில் தெளிப்பதும் இதைத்தான். இதைவிடத் தெரிந்த சொல் எது?

அப்புறம், ஃபென்டன் பெயரை விடாதீர்கள். டார்டாரிக் அமிலம் (நம் புளியில் இருப்பதுதான்) இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று அவர் 1894-ல் எழுதினார். ஹைட்ராக்சில் விளக்கம் 1934-ல் ஹேபர், வெய்ஸ் என்ற வேதியியலாளர்கள் சொன்னது. சில சூழல்களில் வேலை செய்வது ஹைட்ராக்சில் அல்ல, நான்கு நேர்மின்சுமை கொண்ட இரும்பு என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. விளக்கம் மாறினாலும் ஆள் பெயர் மாறாது. வினை நடக்கும் வழியைச் சொல்லாக்கினால், நாளைக்கு இன்னொரு குழு கூட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று: மிஞ்சிய பெராக்சைடு சிஓடி சோதனையில் (நீரிலுள்ள மாசை ஆக்சிஜன் தேவையாக அளப்பது) கணக்கைக் கூட்டிக் காட்டும். அதற்கும் ஒரு சொல் போட்டீர்களா?

திருப்பூரிலிருந்து:

'பெராக்சைடு எச்சம்' என்று போட்டிருந்தேன். ஆபரேட்டர் அண்ணாந்து காக்கையைத் தேடினார். 'மிச்சப் பெராக்சைடு' என்று மாற்றிவிட்டேன்.

மதுரையிலிருந்து:

சொல்லின் முதலில் 'ஃ' எப்படி வரும்? ஆய்தத்துக்கு முன்னால் குறில் வேண்டும், பின்னால் வல்லினம் வேண்டும். தொல்காப்பியர் போட்டுவைத்த வேலியை ஓர் ஆங்கிலேயர் பெயருக்காகத் தாண்டுவதா? 'பென்டன்' என்றே எழுதலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

நாங்கள் 'பெ' போட்டால் வாசிக்கிறவர் பேனாவில் தொங்கும் பென்டன்ட் என்பார்.

கோவையிலிருந்து:

பேனாவில் பென்டன்ட் தொங்காது, கழுத்தில்தான். சரி, வியாழன் நெருங்குகிறது.

திருப்பூரிலிருந்து:

அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பு 'ஃபென்டன் முறை'. அதன் கீழே 'அன்னபேதியும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தைச் சிதைப்பது' என்று ஒரு வரி. 'ஆக்சிஜனேற்றம்' அருஞ்சொல் பட்டியலில் மட்டும், 'காற்றடிப்பது அல்ல' என்ற குறிப்போடு. நால்வரில் மூவர் ஏறக்குறைய ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். இன்று காலை நிலையத்துக்குப் போனேன். தொட்டியில் ஏற்கெனவே சாக்பீஸால் 'அன்னபேதி தொட்டி' என்று எழுதியிருக்கிறது. யார் எழுதியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

மதுரையிலிருந்து:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அன்னபேதிக்குப் பின் ஒற்று மிகும்: 'அன்னபேதித் தொட்டி'.