புதுப்பிப்பு: உதவிப்பணமும் ஓய்வூதியமும் வரும்போது அரைநாள் வேலைக்குப் போகலாமா?

தை மாதம் கேட்டிருந்தேன். கிளிநொச்சியில் இருக்கிறேன், இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மாற்றுத்திறனாளி உதவிப்பணமும், அரச ஊழியராக இருந்து இறந்த கணவரின் ஓய்வூதியமும் வருகின்றன. அரிசி ஆலையில் அரைநாள் கணக்கெழுதப் போனால் இவை நின்றுவிடுமா என்பதுதான் கேள்வி. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நாலு மாதம் வேலை செய்துவிட்டேன். இரண்டுமே நிற்கவில்லை.

கைகொடுத்தது முல்லைத்தீவுத் தம்பியின் யோசனை: "வாயால் கேக்காதேங்கோ அக்கா, எழுதிக் குடுங்கோ." உதவிப்பணம் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தருவது, மறைத்தால் பிறகு சிக்கல். அதனால் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் எழுதி, விதானையாரிடம் (கிராம அலுவலர்) கையொப்பம் வாங்கி, பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தார்கள். மை கொஞ்சம் பரவிவிட்டது, ஆனால் திகதி தெளிவாகத் தெரிகிறது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

ஓய்வூதியத்துக்கு வேலை ஒரு தடையே இல்லை. மறுமணம் செய்தால்தான் கேள்வி வரும். வருடாவருடம் உயிரோடு இருப்பதை உறுதிப்படுத்தும் படிவத்தை மட்டும் மறக்கக்கூடாது.

எதிர்பாராதது ஒன்று: அரைநாள் வேலைக்கும் ஊழியர் சேமலாப நிதி (EPF, ஓய்வுக்காலச் சேமிப்பு) உண்டு. என் சம்பளத்தில் 8%, முதலாளி 12%. கேட்ட பிறகுதான் பதிந்தார்கள், நீங்கள் முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம் செயற்கைக் கால். மத்தியான வெக்கையில் வேர்த்து, உரசிப் புண்ணாகிவிட்டது. இப்போது மாற்றுக் காலுறை ஒன்றைப் பையில் கொண்டுபோகிறேன், பத்து மணிக்கு மாற்றிவிடுவேன்.