அப்பப்பா வளவு: வயர் விஷயம்

வெள்ளி, இரவு 8.10

லண்டன் சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம். அப்பா செத்ததற்குச் செய்யும் வீட்டுக்கிருத்தியத்துக்கு இன்னும் 19 நாள்தான். எட்டாம் நாள் எட்டுச் செலவன்று வீடியோவில் நடந்தது இந்த முறையும் நடக்கக் கூடாது.

அக்கா: என்ன நடந்தது?

லண்டன் சித்தப்பா: படையல் வைக்கிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. அண்ணை கொட்டாவி விட்ட இடத்தில். நாற்பது நிமிடம் அந்த வாயைப் பார்த்துக்கொண்டே தேவாரம் கேட்டோம்.

மச்சான்: ஸ்கிரீன்ஷொட் இருக்கிறது

பெரியம்மா: அழி அதை

பெரியப்பா: இரவு முழுக்க விழித்திருந்தவன் கொட்டாவி விடாமல் என்ன செய்வான். வந்து நின்றிருந்தால் நேரே பார்த்திருக்கலாம்.

அம்மா: சரி சரி, இப்போது ஏன் அது

லண்டன் சித்தப்பா: என் விசா நிலைமை உங்களுக்குத் தெரியும் அண்ணை. காசு நான் அனுப்புகிறேன். இருக்கிறதிலேயே பெரிய பெக்கேஜாகப் போடுங்கள்.

தம்பி: சித்தப்பா, பெக்கேஜை மாற்றிப் பயனில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுங்கள்.

மச்சான்: தொடங்கிவிட்டார்

தம்பி: கொழும்புக்குத் திரும்புவதற்கு முன் அளந்து பார்த்தேன். முன்வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் இறங்குவது விநாடிக்கு 94 மெகாபிட், இங்கேயிருந்து ஏறுவது 47. அதே போனோடு பெரியப்பாவின் பின்வீட்டு விறாந்தைக்குப் போனால் ஏறுவது 1க்கும் கீழே. தெளிவான வீடியோ ஒன்றை அனுப்ப ஏறுகிற பக்கம் 4 போதும். ஆகவே லைன் நல்லது, வழிதான் கெட்டது. ரவுட்டருக்கும் விறாந்தைக்கும் நடுவில் அப்பப்பாவின் ஒன்றரை அடிச் சுவர் இரண்டு, பிறகு கிணற்றடி, பிறகு பெரியப்பாவின் தகரக் கொட்டகை. சுவர் வைஃபையைக் குடித்துவிடும், தகரம் திருப்பி அடிக்கும். நீங்கள் 1000 மெகாபிட் வாங்கிக் கொடுத்தாலும் முன்வீட்டில் அப்பாவின் கிரிக்கெட்தான் இன்னும் வேகமாக ஓடும்.

பெரியப்பா: கொட்டகை அங்கேதான் இருக்கும்

அப்பா: அந்தச் சுவர் 64ஆம் ஆண்டுத் திருகோணமலைப் புயலுக்கு நின்ற சுவர். ஓடு முழுக்கப் பறந்து சுவர் மட்டும் நின்றது என்று அப்பா சொல்லுவார்.

பெரியப்பா: சொல்லுவார் என்ன, நானே பார்த்தேன். மார்கழி மாதம். தங்கச்சி தொட்டிலில்.

மாமி: அண்ணை, நான் பிறந்தது 65இல். எல்லார் முன்னாலும் வயதைக் கூட்டாதீர்கள்.

லண்டன் சித்தப்பா: தம்பி, அப்போ என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்லு.

தம்பி: முன்வீட்டு ரவுட்டரில் இருந்து பின்வீட்டுக்கு ஒரு ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வயர், மாமி வீட்டுக்கு ஒரு ஃபைபர், மண்ணுக்குள்ளால். ஒவ்வொரு வீட்டிலும் சீலிங்கின் நடுவில் வைஃபை விடுகிற பெட்டி ஒன்று, அக்சஸ் பொயின்ட். அவ்வளவுதான்.

மாமி: பக்கத்து வீட்டில் மூன்று வெள்ளைப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். மெஷ்ஷாம். வயரே இல்லை, தோண்டவும் தேவையில்லை.

தம்பி: மாமி, அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் கதைப்பதும் வைஃபையில்தான். அவர்களுடையது ஒரே வீடு, இடையில் பலகைச் சுவர். எங்களுக்கு அதே ஒன்றரை அடிச் சுவரைத்தான் அவையும் தாண்ட வேண்டும். போனில் ஐந்து கோடும் காட்டும், ஆனால் ஒன்றும் ஓடாது.

அப்பா: சாதாரண நெட்வேர்க் வயரை இழுத்தால் என்ன? 60 மீற்றருக்குள்தானே.

தம்பி: அது 100 மீற்றர் வரை தாங்கும், தூரத்தில் பிரச்சினை இல்லை அப்பா. போன வருடம் ஐப்பசியில் இடி விழுந்தது ஞாபகமா?

அம்மா: என் ரிவி

மாமி: எங்கள் மோட்டர்

பெரியம்மா: தென்னை

தம்பி: அதுதான் காரணம். எங்கள் மூன்று வீட்டுக்கும் எர்த் தனித்தனி. இரண்டு வீட்டைச் செப்புக் கம்பியால் இணைத்துவிட்டால், பக்கத்து வளவில் இடி விழுந்தாலே போதும், அந்தக் கம்பி வழியாக இரண்டு பக்கத்துப் பெட்டியும் போய்விடும். அதோடு கடல் காற்றுக்கு வயரின் தலை பச்சைக் களிம்பு பிடிக்கும். ஃபைபர் கண்ணாடி, தலைமயிர் அளவு இழை. வெளிச்சம்தான் போகும், மின்சாரம் ஏறாது. ஒன்று மட்டும் கவனம், சில ஃபைபர் வயரில் தாங்குவதற்கு இரும்புக் கம்பியும் சேர்ந்து வரும். அதை வாங்கினால் நாங்களே இடிக்கு வாசல் திறந்த மாதிரி. கம்பி இல்லாததாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அக்கா: ஒரு வீடியோவுக்கு இவ்வளவா

பெரியம்மா: மான் திரும்பவும் வந்து செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டது. கேற்றை யார் திறந்து விட்டது?

மச்சான்: நான் இல்லை

லண்டன் சித்தப்பா: இன்னும் வருகிறதா? படம் போடுங்கள் அண்ணி. எங்கள் காலத்தில் கோட்டைப் பக்கம் போனால்தான் மான். பத்திரகாளி அம்மன் திருவிழாவுக்கு ஒரு தடவை தேருக்கு முன்னாலேயே ஒன்று வந்து நின்றது, ஞாபகமா அண்ணை?

பெரியப்பா: நின்றது மான் இல்லை. மாடு.

லண்டன் சித்தப்பா: மான்தான்

அப்பா: மாடு

இரவு 9.02

மாமி: பகிரப்பட்ட செய்தி: வைஃபை பெட்டியின் கீழ் உறங்குகிறவர்களுக்கு வரும் ஒன்பது நோய்கள். கட்டாயம் பத்துப் பேருக்கு அனுப்பவும்.

தம்பி: மாமி, அந்தப் பெட்டி வெளியே விடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவு. உங்கள் சாமி அறை பல்ப் 5 வாட்.

மாமி: எனக்கு வந்தது, நான் போட்டேன். என் கட்டிலுக்கு மேலே மட்டும் வேண்டாம்.

பெரியப்பா: கரண்ட் போனால்? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள்.

தம்பி: வீட்டுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் பற்றரிப் பெட்டி வைப்போம் பெரியப்பா. இந்தப் பெட்டிகள் கரண்டை மிகக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். அக்சஸ் பொயின்டுக்கு வீட்டுக்குள் இழுக்கிற நெட்வேர்க் வயரிலேயே கரண்டும் போகும், பக்கத்தில் பிளக் தேவையில்லை. வைஃபை போகிற சேனல் எண்ணும் சொல்லிவிடுகிறேன். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் போகக்கூடியவை மூன்றுதான்: 1, 6, 11. எங்களுக்கும் மூன்று வீடு.

பெரியப்பா: மூத்த வீட்டுக்கு 1

மாமி: அதிலும் நீங்களா

தம்பி: எந்த எண் என்றாலும் வேகம் ஒன்றுதான் மாமி.

மாமி: அப்போ 1ஐ எனக்குத் தாருங்கள்

லண்டன் சித்தப்பா: 10 கிக் போடலாமா? இங்கே வேலை இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

தம்பி: இப்போது 1 கிக், அதாவது 1000 மெகாபிட் போதும். லைனே 100தான். ஆனால் சிங்கிள் மோட் என்கிற வகை ஃபைபராகப் போட்டால் பிறகு இரண்டு முனையிலும் உள்ள பெட்டியை மட்டும் மாற்றினால் 10 ஆகிவிடும், மண்ணைத் திரும்பக் கிண்டத் தேவையில்லை. ஓர் இழை போதும் என்றாலும் நான்கு இழை உள்ளதாக வாங்குவோம். செலவு தோண்டுவதில்தான், கண்ணாடியில் இல்லை. இன்னொன்று, கண்ணாடியை வெட்டி ஒட்டுவதற்குத் தனி மெஷின் வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் தலை போட்டதாகத்தான் வாங்கப் போகிறேன். தலையில் பச்சை, நீலம் என்று இரண்டு வகை. பச்சையின் முகம் சரிவாக வெட்டியிருக்கும், நீலத்தை அதில் செருகக் கூடாது. செருகினால் உள்ளே போகும், ஆனால் வெளிச்சம் சரியாகப் போகாது, முகமும் கீறுப்படும்.

மச்சான்: பெரிய மாமா பச்சை, எங்கள் அம்மா நீலம்

அக்கா: டேய்

மாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: என்ன நீக்கினாய் தங்கச்சி? சொல்ல வேண்டியதைச் சொல்லு.

அம்மா: தம்பி, தோண்டுகிற விஷயத்தைச் சொல்லு

தம்பி: ஒன்றரை அடி ஆழம், ஓர் அங்குல பிவிசி பைப். எல்போ போடக் கூடாது, வளைவு அகலமாக இருக்க வேண்டும், ஃபைபரை முறுக்கி மடித்தால் வெளிச்சம் கசிந்துவிடும். பைப்புக்குள் ஒரு நைலோன் கயிற்றையும் விட்டு வைக்க வேண்டும், பிறகு ஏதாவது இழுக்க உதவும். வாடை மழை தொடங்க முதல் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடங்கில் தண்ணீர். எனக்கு இன்றைக்குத் தேவை அளவு மட்டும். அடுத்த வெள்ளி இரவு ரெயிலில் வரும்போது கையோடு கொண்டு வருவேன். கூடினால் சுருட்டி வைக்கலாம். ஒரு மீற்றர் குறைந்தாலும் முழுதும் வீண்.

அப்பா: பின்வீட்டுக்கு 52 மீற்றர். நடந்து பார்த்தேன்.

பெரியப்பா: 68. உன் கால் அளவு எனக்குத் தெரியும்.

அம்மா: அளக்கிற நாடா இல்லையா வீட்டில்?

அப்பா: மேசன் கொண்டு போய்விட்டான்

தம்பி: மாமி வீட்டுக்கு மதிலுக்கு அடியால் போக வேண்டும். அத்திவாரத்துக்குக் கீழே ஒரு துளை போட்டால் போதும்.

பெரியப்பா: மதிலில் கை வைக்க விடமாட்டேன்.

மாமி: அந்த மதிலுக்குப் பாதிக் காசு எங்கள் வீட்டுக்காரர் கொடுத்தது

பெரியப்பா: குரல் பதிவு, 4 நிமிடம் 12 விநாடி

அக்கா: யாராவது கேட்டீர்களா

மச்சான்: 1994இல் தொடங்குகிறது

லண்டன் சித்தப்பா: அண்ணை, துளை போட்டுத் திரும்பவும் பூசித் தருவார்கள். அதுவும் என் கணக்கில்.

பெரியப்பா: காசு அனுப்புகிறவனுக்கு எல்லாம் லேசு. அப்பா கடைசி ஆறு வருடம் எந்த வீட்டில் இருந்தார்?

அம்மா: அத்தான், பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்

இரவு 10.15

தம்பி: மதில் விஷயத்தைப் பிறகு பார்ப்போம். பின்வீட்டுக்கு மட்டும் முதலில் போடுவோம், கிரியை அங்கேதானே. மழை வந்து தோண்ட முடியாமல் போனால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நீள நெட்வேர்க் வயர் ஒன்றை வெளியால் இழுத்துவிட்டு, பின்னேரமே கழற்றிவிடுவோம்.

அம்மா: சனங்கள் தடக்கி விழும். ஐயர் முதலில் விழுவார்.

அக்கா: அந்தியேட்டிக் கிரியை எங்கே? கன்னியா வெந்நீரூற்றிலா கடற்கரையிலா? அங்கேயும் வீடியோ வேண்டுமா?

அப்பா: ஐயர் இன்னும் சொல்லவில்லை

தம்பி: வெளியே என்றால் போன் டேட்டாதான். அப்புறம், வைஃபைக்கு மூன்று வீட்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் போடப் போகிறேன். அப்போதுதான் நடந்து போகும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். என்ன பெயர் வைக்கலாம்?

லண்டன் சித்தப்பா: அப்பாவின் பெயர்

மாமி: வேண்டாம். நாளைக்கு அப்பா வேலை செய்யவில்லை, அப்பாவை ஓவ் பண்ணிப் போடு என்று சொல்லவா?

மச்சான்: அப்பப்பா ஸ்லோ

பெரியம்மா: அவர் உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான்

லண்டன் சித்தப்பா: அண்ணி

பெரியம்மா: நான்தானே குளிப்பாட்டினேன், நான் சொல்லலாம்

சனி, காலை 6.20

பெரியப்பா: விடியவே நான் அளந்துவிட்டேன். கிணற்றுக் கயிற்றால். மாமரத்தைச் சுற்றினால் 71.

தம்பி: நன்றி பெரியப்பா. மாமரத்தின் வேருக்குப் பக்கத்தால் போக வேண்டாம், சுற்றியே போவோம். 85 எடுக்கிறேன்.

பெரியப்பா: தங்கச்சி வீட்டுக்கும் அளந்தேன். 38.

மாமி: மதிலுக்கு அடியாலா, மேலாலா?

அக்கா: பெரியப்பா தட்டச்சு செய்கிறார் என்று காட்டுகிறது

மச்சான்: பத்து நிமிடமாக

பெரியம்மா: அவர் நித்திரை. போன் நெஞ்சில் கிடக்கிறது.

தம்பி: அப்போ மாமி வீட்டுக்கு 50 எடுத்து வைக்கவா?

லண்டன் சித்தப்பா: எடு

அப்பா: பொறு, எழும்பட்டும்

பெரியம்மா: வடைக்கு உழுந்து 5 கிலோ போதுமா என்று நேற்றுப் பகல் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.