கரடி மாதிரி நாய்: ஈரோட்டு வெயிலில் சாவ் சாவ் வளர்க்கலாமா?

பவானிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. போன பிறந்தநாளில் இருந்து "கரடி மாதிரி நாய் வேணும்" என்று ஒரே பிடிவாதம். வீடியோ பார்த்துப் பார்த்து சாவ் சாவ், நியூஃபவுண்ட்லாந்து, திபெத்திய மாஸ்டிஃப், சமோய்டு என்று பெயரெல்லாம் மனப்பாடம். கடைசியில் எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஒருவரிடம் சாவ் சாவ் குட்டி பேசி 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். இஞ்சி நிறம், உருண்டை முகம், அசல் கரடிக்குட்டியேதான். "ஏசி ரூமில் விட்டால் போதும், ஒன்றும் ஆகாது" என்கிறார் விற்பவர். வேண்டவே வேண்டாம் என்கிறார் என் மச்சான். ஊர் ஈரோடு, வீடு மேல்மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே. வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

கால்நடைக்காரர்:
முன்பணம் போனால் போகட்டும் தம்பி, வாங்காதீர்கள். கால்நடை உதவி மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரணத்தையும் சொல்கிறேன்.

நமக்கு வியர்ப்பது போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். சாவ் சாவுக்கு மூக்கு குட்டை. மேலே நீள ரோமம், அதற்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. குளிர் தேசத்தில் அது கம்பளி. ஈரோட்டில் சித்திரை மாதம் அதைப் போட்டுக்கொண்டு நீங்கள் பத்து நிமிடம் நிற்பீர்களா?

ஒரு மே மாத மத்தியானம் செயிண்ட் பெர்னார்டு ஒன்றை காரின் பின் இருக்கையில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இறக்கவே நான்கு பேர் வேண்டியிருந்தது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது, எச்சில் பசை போல நூல் நூலாக ஒழுகியது. தெர்மாமீட்டர் 42 டிகிரி காட்டியது. நாய்க்கு 39 வரைதான் இயல்பு. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெட ஆரம்பிக்கும். தரையில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை ஊற்றி, இரண்டு மின்விசிறி வைத்தோம். சாயங்காலம் இறந்துவிட்டது. அந்த வீட்டிலும் ஏசி இருந்தது. தெருவில் மின்மாற்றி பழுதாகி மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை.

2024-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது என்று 11 இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சாவ் சாவ், நியூஃபவுண்ட்லாந்து, திபெத்திய மாஸ்டிஃப், செயிண்ட் பெர்னார்டு எல்லாம் அதில் உண்டு. உங்கள் மகளின் கரடிப் பட்டியலில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

தேயிலைமேடு:
டாக்டர் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது. நான் கோத்தகிரி. ஆறு வருடமாக எங்கள் வீட்டில் கருப்பு சாவ் சாவ் ஒன்று இருக்கிறாள், பெயர் கருப்பி. ஒரு நாள்கூட வெயிலால் படுத்ததில்லை. சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் மார்கழி ராத்திரி நாங்கள் இரண்டு கம்பளிக்குள் நடுங்குவோம். அவள் வாசல் சிமெண்டில் காலை நீட்டிப் படுத்திருப்பாள்.

ஒரு தடவை பொழுது சாயும் நேரம் தேயிலைச் செடிக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா நிஜக் கரடி என்று நினைத்து, கையில் இருந்த தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். எங்கள் பக்கம் கரடி ஊருக்குள் வருவது புதிது இல்லை, அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து கழுத்தில் மணி கட்டிவிட்டேன்.

என் கேள்வி இதுதான். ஈரோட்டையும் கோத்தகிரியையும் ஒரே சட்டத்தில் போட்டு அளப்பது என்ன நியாயம்? நாயைக் கொல்வது வளர்ப்பவரின் அலட்சியம், இனம் இல்லை. இன்னொன்று, நீள முடிதான் குற்றம் என்றால் நம்ம ஊர்க் கரடிக்கு எவ்வளவு முடி? தர்மபுரி, கிருஷ்ணகிரி காட்டு வெயிலில் அது காலங்காலமாக வாழவில்லையா?

கால்நடைக்காரர்:
நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நம் கரடியின் முடி நீளம்தான், ஆனால் ஒற்றை அடுக்கு. அடியில் பஞ்சு ரோமம் கிடையாது. வயிற்றுப் பக்கம் முடி மிகக் குறைவு. காற்று தோல் வரைக்கும் போய்வரும். அதைவிட முக்கியம், அது பெரும்பாலும் வெயிலில் திரிவதில்லை. பகலில் பாறை இடுக்கிலும் குகையிலும் படுத்துக் கிடந்து, பெரும்பாலும் அந்தி சாய்ந்தபின்தான் கரையானும் பழமும் தேடிக் கிளம்பும். எங்கே படுப்பது, எப்போது எழுவது என்பது அதன் முடிவு. மேல்மாடி அறையில் பூட்டிய நாய்க்கு அந்த முடிவு கையில் இல்லை. பார்வைக்குத்தான் இரண்டும் ஒன்று. தோலைப் பிரித்துப் பார்த்தால் வேறு வேறு.

கோத்தகிரியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. கருப்பி நன்றாக இருப்பாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கோத்தகிரியில் போடும் குட்டிகள் கோத்தகிரியிலேயே விற்குமா? கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் சென்னையிலும்தான் விற்கும்.

சிப்பிப்பாறைக்காரன்:
இதே கூத்தைச் சீனா நமக்கு முன்னாலேயே ஆடி முடித்துவிட்டது. திபெத்திய மாஸ்டிஃப் அங்கே பணக்கார அடையாளம் ஆனது. 2014-ல் ஒரு குட்டி 1 கோடியே 20 லட்சம் யுவானுக்கு விலை போனதாகச் செய்தி வந்தது. பிடரி சிங்கம் போல, உடம்பு கரடி போல என்று சொல்லியே விற்றார்கள். அடுத்த சில வருடங்களில் மோகம் வடிந்தது. பண்ணைக்காரர்கள் தீனி போட முடியாமல் அவிழ்த்துவிட்டார்கள். இன்று திபெத்திய மேட்டுநிலத்தில் அவை கூட்டம் கூட்டமாகத் தெருநாயாகத் திரிகின்றன. மேய்ப்பனின் ஆட்டைக் காத்த இனம், இப்போது அதே ஆட்டைக் கடிக்கிறது.

2018-ல் யுன்னான் மாகாணத்தில் ஒரு குடும்பத்தின் கதை வெளிவந்தது. திபெத்திய மாஸ்டிஃப் என்று நம்பி இரண்டு வருடம் வளர்த்தார்கள். வளர்ச்சி நிற்கவே இல்லை. இரண்டு காலில் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் அது ஆசியக் கருங்கரடி என்று தெரிந்தது. கடைசியில் வனவிலங்கு மீட்பு மையத்தில் ஒப்படைத்தார்கள். 2024-ல் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு உயிரியல் பூங்காவில் சாவ் சாவ் நாய்களுக்குக் கருப்பு வெள்ளைச் சாயம் பூசி "பாண்டா நாய்" என்று காட்சிக்கு வைத்தார்கள். "கரடி மாதிரி" என்ற ஆசை எதுவரை போகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் 2020-ல் தேசிய அளவில் பதிவு பெற்ற இனங்கள். ஒட்டிய ரோமம், நீண்ட கால், இந்த மண்ணின் வெயிலுக்கென்றே வார்த்த உடம்பு. அதை விட்டுவிட்டு வெளிநாட்டு நாய்க்கு ஏசி போடுவது வெறும் பகட்டு.

ஸ்காபரோவாசி:
சிப்பிப்பாறை அண்ணே, கடைசி வரியில்தான் எனக்குச் சண்டை. வெளிநாட்டு நாயை விரும்புகிற எல்லாரும் பகட்டுக்காரர் இல்லை.

எங்கட வீட்டில் ஏழு வயது நியூஃபவுண்ட்லாந்து ஒருவர் இருக்கிறார். கனடா நாட்டு நாய், நான் இருப்பதும் ரொறன்ரோ பக்கம்தான். கரடியா என்று கேட்காத பிள்ளை இந்தத் தெருவில் இல்லை. நிறை 64 கிலோ. அவருடைய பாதத்தை விரித்துப் பார்த்தால் விரல்களுக்கு இடையில் வாத்துக்கு இருப்பது போலத் தோல். ரோமத்தைத் தடவினால் கையில் எண்ணெய் ஒட்டும். ஏரியில் இறங்கி நீந்திவிட்டு வந்தபின் மேல்முடியைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே தோல் காய்ந்தபடி இருந்தது. மீனவர்களோடு உறைகுளிர்க் கடலில் வலை இழுத்த இனம் இது. இத்தாலியில் இன்றைக்கும் கடலில் ஆட்களை மீட்க இவற்றைப் பழக்குகிறார்கள். ஹெலிகாப்டரில் இருந்து தண்ணீருக்குள் குதிக்கும்.

அதனால் அந்தக் கரடித் தோற்றத்தை ஒருவரும் அழகுக்காகச் செய்துவைக்கவில்லை என்பது என் எண்ணம். குளிரும் வேலையும் சேர்ந்து செய்தது அது. அந்தக் குளிரும் தண்ணீரும் கொடுக்க முடிந்தால் வையுங்கள். இங்கே ஆடி மாதம் 30 டிகிரி வந்தாலே எங்கட ஆள் குளியலறை ஓட்டுத் தரையை விட்டு எழும்ப மாட்டார், சாப்பாடும் பாதிதான். ஈரோட்டு 40 டிகிரியை நினைக்கவே எனக்குச் சரியான கவலையாக இருக்கிறது.

வைகைக்கரையான்:
சாவ் சாவ் எல்லாம் விடுங்கள். காவலுக்குக் காக்கேசியன் ஷெப்பர்ட் பற்றி யாரும் பேசவில்லையே? ஓநாயையும் கரடியையும் எதிர்த்து நின்ற நாய். கரடி மாதிரியே இருக்கும். தோட்டத்தில் ஒன்று நின்றால் திருடன் பக்கத்தில் வருவானா?

கால்நடைக்காரர்:
திருடன் வரமாட்டான். உறவுக்காரரும் வரமாட்டார், பால்காரரும் வரமாட்டார். காக்கசஸ் மலையில் மந்தையோடு தனியாக விடப்பட்டு, மேய்ப்பன் சொல்லாமலே தானாக முடிவெடுத்துப் பாய்வதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம் அது. "உட்கார், நில்" என்றால் கேட்டுக்கொண்டு நிற்கும் குணம் அதன் ரத்தத்திலேயே குறைவு. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு தடை செய்யச் சொன்ன 23 இனங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது, உரியவர்களைக் கலந்துபேசாமல் போட்டது என்பதற்காக. சட்டம் எப்படியும் போகட்டும், ஒன்பது வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஸ்காபரோவாசி:
கரடியை எதிர்க்கிற நாய் கரடி மாதிரிதான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. பின்லாந்தின் கரேலியன் கரடிநாயைப் பாருங்கள். நடுத்தர உடம்பு, கருப்பு வெள்ளை, சுருண்ட வால். பார்த்தால் சாதாரண ஊர்நாய் போல இருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் ஜப்பானின் கருயிசாவாவிலும் ஊருக்குள் வருகிற கரடியைக் கொல்லாமல் குரைத்தே காட்டுக்குள் திருப்பி அனுப்ப இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பவானிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்கிறேன். குட்டியின் நாக்கு ஊதா கலந்த கருப்பாக இருந்தால்தான் அசல் சாவ் சாவ் என்று படித்தேன். நான் பார்த்த குட்டிக்கு நாக்கு ரோஸ் நிறம்தான். கேட்டதற்கு "வளர வளர மாறும்" என்கிறார் விற்பவர். ஏமாற்றுகிறாரா?

தேயிலைமேடு:
அதில் அவர் சொல்வது உண்மை. பிறக்கும்போது ரோஸ்தான், எட்டு வார வாக்கில்தான் கருநீலம் ஏறும். கருப்பிக்கும் அப்படித்தான், முதலில் நடு நாக்கில் மசி கொட்டின மாதிரி ஒரு புள்ளி விழுந்தது. உங்கள் குட்டிக்கு எத்தனை நாள்?

பவானிக்கரை:
35 நாள் என்றார்கள். இந்த ஞாயிறே எடுத்துப்போகச் சொல்கிறார்.

கால்நடைக்காரர்:
அங்கேயே விஷயம் முடிந்தது தம்பி. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. 2017-ல் வந்த மத்திய விதி அது. தாய்ப்பாலும் கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும் பழக்கமும் அந்த வாரங்களில்தான் கிடைக்க வேண்டும். அவரிடம் மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலகிவிடுங்கள். இன்னொன்று, சாவ் சாவுக்கு இமை உள்பக்கம் மடிந்து முடி கண்ணை உரசும் கோளாறு அதிகம். தாயையும் தகப்பனையும் பார்க்காமல் குட்டி எடுக்கவே கூடாது.

தேயிலைமேடு:
இதில் நானும் டாக்டர் ஐயா பக்கம்தான். 35 நாள் குட்டியை எடுக்காதீர்கள். ஆனால் மொத்தத் தடை சரி என்று இதற்காக ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரத்தையும் குளிரையும் பார்த்து உரிமம் கொடுக்கட்டும், வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கட்டும், யாருக்கு விற்றோம் என்று கணக்குக் கேட்கட்டும். என்னைப் போன்றவர்கள் காட்டத் தயார்.

கால்நடைக்காரர்:
வந்து பார்க்க ஆள் எங்கே? ஒரு மருந்தகத்தில் ஒரு மருத்துவர், காலை முழுக்க மாடும் ஆடும் வரிசையில் நிற்கும். அந்தக் கணக்குப் புத்தகத்தை யார் புரட்டுவார்? ஆள் இல்லாத இடத்தில் தடைதான் நாய்க்குப் பாதுகாப்பு.

பவானிக்கரை:
வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பதிவு எண் கேட்டேன், போனை வைத்துவிட்டார். முன்பணம் வராது போல.

மகளிடம் சொன்னதும் ஒரு மணி நேரம் பேசவில்லை. அப்புறம் வந்து, "மத்தியானம் அது எங்கப்பா படுக்கும்?" என்று கேட்டாள். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் வெறும் காலோடு தரையில் நிற்கச் சொன்னேன். ஒரு காலை வைத்ததும் எடுத்துவிட்டாள். நிஜச் சாவ் சாவை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டுமாம். தேயிலைமேடு அண்ணே, வரும் சனிக்கிழமை கோத்தகிரி வந்தால் கருப்பியைக் காட்டுவீர்களா?

தேயிலைமேடு:
தாராளமாக வாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வந்தால் நல்லது, அதற்கு முன்னால் எழுப்பினால் முகம் கொடுக்கமாட்டாள். பின்னால் இருந்து போய்த் தொடவேண்டாம். கண் குழிந்திருப்பதால் பக்கவாட்டில் வருபவர் தெரியாமல் திடுக்கிடுவாள். முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினால் மோந்து பார்ப்பாள். சனிக்கிழமைதான் சீப்பு போடும் நாள், பாப்பாவுக்கு ஒரு சீப்பு எடுத்துவைக்கிறேன். அடி ரோமம் உதிரும் பருவம் இது, ஒரு பை நிறைய வரும்.

சிப்பிப்பாறைக்காரன்:
திரும்பி வந்ததும் சொல்லுங்கள். கோவில்பட்டிப் பக்கம் தெரிந்தவர் வீட்டில் சிப்பிப்பாறை குட்டி போட்டிருக்கிறது. எட்டு வாரம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.