நஜிபுல்லா மூன்று வருடம் தாங்கினார். கனி அரசு ஏன் பத்து நாளில் சரிந்தது?

கரிசல்காட்டான் (கேள்வி)

வணக்கம். முதுகலை வரலாறு படிக்கிறேன். ஆப்கானிஸ்தானில் நடந்த இரண்டு படை விலகல்களையும் ஒப்பிட்டு ஆய்வறிக்கை எழுதுகிறேன். ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

1989 பிப்ரவரி 15 அன்று தளபதி போரிஸ் குரோமோவ் அமு தரியா பாலத்தைக் கடந்தார். அதோடு சோவியத் படை முழுவதும் வெளியேறியது. சோவியத் ஆதரவில் நின்ற கம்யூனிஸ்ட் அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில மாதம்கூடத் தாங்காது என்றுதான் வாஷிங்டனிலும் இஸ்லாமாபாத்திலும் கணக்குப் போட்டார்கள். அவரோ 1992 ஏப்ரல் வரை ஆட்சியில் இருந்தார். 2021-இல் நடந்தது நேர்மாறு. ஆகஸ்ட் 6 அன்று முதல் மாகாணத் தலைநகரான ஜரஞ்ச் விழுந்தது, 15-ஆம் தேதி காபூலே போய்விட்டது. அமெரிக்கப் படை அப்போது இன்னும் விமான நிலையத்தில்தான் இருந்தது.

நஜிபுல்லா துணிச்சல்காரர், 2021-இல் அதிபராக இருந்த அஷ்ரஃப் கனி ஓடிப்போனவர், காரணம் அவ்வளவுதான் என்கிறார் என் வழிகாட்டி. அது எனக்கு நிறைவாக இல்லை. இதைப் படித்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்னிக்கரை

முதலில் ஜலாலாபாத் சண்டையைப் படியுங்கள். 1989 மார்ச்சில் முஜாஹிதீன், அதாவது காபூல் அரசை எதிர்த்துப் போரிட்ட இஸ்லாமியக் குழுக்கள், அந்த ஊரைத் தாக்கின. திட்டத்துக்குப் பின்னால் இருந்தது ஹமீத் குல் தலைமையிலான பாகிஸ்தான் உளவுத்துறை. பாகிஸ்தானில் உருவாக்கிய இடைக்கால அரசைக் கொண்டுவந்து உட்கார வைக்க எல்லைக்குப் பக்கத்தில் ஒரு நகரம் வேண்டும், அதற்காகத்தான் இந்தத் தாக்குதல்.

அதுவரை மலையில் பதுங்கி அடித்துப் பழகியவர்கள் அன்றைக்குத் திறந்த வெளியில் அரண்களை மோதினார்கள். மேலே விமானங்கள், காபூல் பக்கத்திலிருந்து ஸ்கட் ஏவுகணைகள். முஜாஹிதீனின் ஏழு கட்சிகளுக்கும் ஒரே கட்டளை என்று எதுவும் கிடையாது. சரணடைந்த வீரர்களைக் கொன்ற செய்தி வேறு பரவிவிட்டது. சரணடைந்தாலும் சாவுதான் என்றால் யார் ஆயுதத்தைக் கீழே போடுவார்கள்? சில மாதத்தில் தாக்குதல் ஓய்ந்துபோனது. மே மாதமே பாகிஸ்தான் பிரதமர் பெனசீர் பூட்டோ ஹமீத் குல்லைப் பதவியிலிருந்து மாற்றினார். 2021-இல் தாலிபான் இதற்கு நேர் எதிராகச் செய்தது. ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, உயிருக்குப் பயமில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் மூலமாகவே தூது அனுப்பினார்கள்.

ஓய்வுபெற்ற சார்ஜென்ட்

தம்பி, நான் இந்திய விமானப்படையில் தரைப்பணியில் இருந்தவன். அந்தோனோவ்-32, மி-8 இரண்டிலும் கை வைத்திருக்கிறேன். ஆப்கானிஸ்தானுக்குப் போனதில்லை. ஆனால் காபூல் விமானப்படையிடம் இருந்ததும் அதே ரகங்கள்தான் என்பதால் அந்த நாட்டுச் செய்தியை அந்த நாளிலிருந்தே விடாமல் படித்துவருகிறேன். உங்கள் கேள்விக்கு விடை தலைவரின் துணிச்சலில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பெட்ரோலிலும் கோதுமையிலும் சம்பளத்திலும் தேடுங்கள்.

சோவியத் ராணுவம் போனது, சாமான் வருவது நிற்கவில்லை. இல்யூஷின்-76 விமானங்கள் காபூலில் இறங்கிக்கொண்டே இருந்தன. தரைவழியில் ஹைரதான் எல்லைக் கிடங்கில் இறக்கி, சாலங் சுரங்கப்பாதை வழியாக லாரி லாரியாக வந்தது. ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் பெறுமான உதவி என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. விமானப் பெட்ரோல், பீரங்கிக் குண்டு, ஸ்கட், தலைநகர் மக்களுக்கு மாவு எல்லாம் இதில் அடக்கம்.

நாட்டுக்குள்ளேயே வருமானம் பார்க்க வழி ஒன்றுதான் இருந்தது, ஷெபர்கான் எரிவாயு. அதைக் குழாய் வழியாக வாங்கிக்கொண்டிருந்ததும் சோவியத்தான். 1989-இல் நிபுணர்கள் கிளம்பும்போது கிணறுகளை மூடிவிட்டுப் போனார்கள். அப்புறம் நோட்டு அச்சடித்தே செலவு நடந்தது, விலைவாசி ஏறியது. அப்படியிருந்தும் அரசு நின்றதற்குக் காரணம், நஜிபுல்லா அந்தப் பணத்தையும் சாமானையும் செலவிட்ட விதம். உளவுத்துறையான காத் அமைப்பை நடத்திய ஆள் அவர். எந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் தளபதிக்கு என்ன தேவை என்று தெரியும். பல முஜாஹிதீன் தளபதிகளோடு பேசி, அவர்கள் பகுதியை அவர்களிடமே விட்டு, ஆயுதமும் பணமும் கொடுத்து, சாலையை மட்டும் திறந்து வைத்துக்கொண்டார். வடக்கே தளபதி தோஸ்தமின் ஜௌஸ்ஜான் படை இதில் பெரியது. எரிவாயுக் களத்தைக் காக்கத் தொடங்கிய கூலிப்படை அது. கடைசியில் நாடு முழுக்க எங்கே ஓட்டை விழுந்தாலும் அங்கே அனுப்பப்படும் படையாகிவிட்டது.

இப்போது 2021. ஆப்கன் விமானிகள் ரஷ்ய மி-17 ஹெலிகாப்டரில் கை தேர்ந்தவர்கள். அவர்களுடைய மெக்கானிக்குகளே அதில் பெரும்பகுதி வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். அமெரிக்கா அதை விலக்கி பிளாக் ஹாக்கைக் கொடுத்தது. நல்ல ஹெலிகாப்டர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பராமரிப்பு கிட்டத்தட்ட முழுவதும் வெளிநாட்டு ஒப்பந்த நிறுவனங்களின் கையில் இருந்தது. படையோடு சேர்த்து அந்த ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனபோதே பறக்கும் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. மணிக்கணக்குப்படி செய்ய வேண்டிய சர்வீஸ் விட்டுப்போனால் எந்த ஹெலிகாப்டரும் தரையில்தான் நிற்கும். மேலிருந்து தோட்டாவும் சோறும் வராத காவல் அரணில், மாதக்கணக்கில் சம்பளம் பார்க்காத சிப்பாய் யாருக்காக நிற்பான்? அவர்களைக் கோழை என்று எழுதுகிறவர்களைப் படிக்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. அந்த இருபது வருடத்தில் ஆயிரமாயிரமாகச் செத்தவர்கள் அவர்கள்.

கரிசல்காட்டான்

மிக்க நன்றி ஐயா, இந்தக் கோணம் என் பட்டியலிலேயே இல்லை. ஒன்று கேட்கிறேன். சோவியத் ஒன்றியம் கலையாமல் உதவி தொடர்ந்திருந்தால் நஜிபுல்லா இன்னும் பல ஆண்டு இருந்திருப்பாரா?

முகில்வண்ணன்

நான் சார்ஜென்ட் சாரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். உதவி வந்துகொண்டிருந்த காலத்திலேயே அந்த அரசு உள்ளே விரிசல் விட்டிருந்தது. 1990 மார்ச்சில் கவிழ்க்கப் பார்த்தது யார்? அவருடைய சொந்தப் பாதுகாப்பு அமைச்சர் ஷாநவாஸ் தனாய். பக்ராம் விமானத் தளத்திலிருந்து கிளம்பிய அரசு விமானங்களே அதிபர் மாளிகைமேல் குண்டு போட்டன. தனாய்க்கு வெளியிலிருந்து கைகொடுத்தவர் முஜாஹிதீன் தலைவர் ஹெக்மதியார், கம்யூனிஸ்டுகளின் பரம எதிரி. ஆளும் கட்சிக்குள் கல்க், பர்ச்சம் என்ற இரு அணிப் பிளவும் பஷ்தூன், பஷ்தூன் அல்லாதார் என்ற பிளவும் அவ்வளவு ஆழம். 1991 மார்ச் முடிவில் கோஸ்த் நகரம் முஜாஹிதீன் தளபதி ஜலாலுதீன் ஹக்கானியிடம் போனது, அப்போதும் மாஸ்கோ உதவி செய்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நஜிபுல்லாவை இப்போது பலர் நல்லவராகவே எழுதுகிறார்கள். காத் சித்திரவதைக் கூடங்களிலும் புல்-இ-சர்க்கி சிறையிலும் சீரழிந்த குடும்பங்கள் அந்த நாட்டில் ஏராளம். ஆய்வறிக்கையில் அதற்கு இடம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற சார்ஜென்ட்

காத் பற்றி முகில்வண்ணன் சொன்னது முழு உண்மை, அதை விட்டுவிட்டு எழுதக் கூடாது. பிளவும் உண்மை. ஆனால் அந்தப் பிளவு எப்போது அரசைக் கவிழ்த்தது என்று தேதியைப் பாருங்கள்.

1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு தோற்றது. காபூலுக்கு ஆதரவாக நின்ற ஆட்கள் அதோடு செல்வாக்கு இழந்தார்கள். செப்டம்பரில் அமெரிக்காவும் சோவியத்தும் உட்கார்ந்து, 1992 ஜனவரி 1 முதல் காபூல் அரசுக்கும் முஜாஹிதீனுக்கும் ஆயுதம் கிடையாது என்று முடிவு செய்தன. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லை. எரிபொருள் இல்லாமல் விமானங்கள் தரையில் நின்றன. தோஸ்தமுக்குக் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை.

அந்த ஜனவரியில்தான் நஜிபுல்லா ஹைரதான் படைத் தளபதி மோமினை மாற்றி ஒரு பஷ்தூன் அதிகாரியை வைக்கப் பார்த்தார். தாஜிக்கான மோமின் நகர மறுத்தார், தோஸ்தம் அவர் பக்கம் சேர்ந்தார். பணம் வந்துகொண்டிருந்தால் பேசித் தீர்த்திருக்கக்கூடிய சண்டை இது. தனாய் கிளம்பியபோதுகூட அரசு அடக்கியதே! சண்டை வந்த இடத்தையும் பாருங்கள், சோவியத் சாமான் வந்து இறங்கிய அதே ஹைரதான். மார்ச் நடுவில் வடக்கின் பெரிய நகரமான மஸார்-இ-ஷரீஃப் அரசின் கையைவிட்டுப் போனது. மார்ச் 18 அன்று பதவி விலகத் தயார் என்று நஜிபுல்லா அறிவித்தார். உதவி நின்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் நடுவில் டெல்லிக்குப் போகக் கிளம்பியவரைக் காபூல் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பியதும் தோஸ்தமின் ஆட்கள்தான். மனைவியும் மகள்களும் அதற்கு முன்பே டெல்லி வந்துவிட்டார்கள். அவர் ஐ.நா. வளாகத்தில் அடைக்கலம் புகுந்து, 1996 செப்டம்பரில் தாலிபான் இழுத்துக் கொல்லும் வரை அங்கேயே இருந்தார்.

பல ஆண்டு இருந்திருப்பாரா என்ற கேள்விக்கு: காபூலும் பெரிய நகரங்களும் அவர் கையில் இருந்திருக்கும், கிராமங்கள் இருந்திருக்காது. உதவி வந்த அந்த மூன்று வருடமும் நிலைமை அதுதான், அது மாறியிருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி, உங்கள் வழிகாட்டியிடம் இரண்டு பத்தி கேட்டு வாங்குங்கள். ஒன்று 1991 செப்டம்பர் உடன்பாட்டுக்கு. மற்றொன்று அமெரிக்காவும் தாலிபானும் செய்துகொண்ட 2020 பிப்ரவரி 29 தோஹா உடன்பாட்டுக்கு. அதில் காபூல் அரசு கையெழுத்திடவே இல்லை. இரண்டிலும் அந்த அரசின் ஆயுளை அது இல்லாத ஓர் அறையில் பேசி முடித்தார்கள்.