கொழிஞ்சாம்பாறையில் ஃபாஸ்டர் குட்டிக்கு ஓயாத வாந்தி: குழுவின் அனுமதிக்காகக் காத்திருக்கலாமா?

பனைமரத்து வீடு · மாலை 7:40

வணக்கம். பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கோவையில் உள்ள ஒரு மீட்புக் குழுவிடமிருந்து மூன்று பூனைக்குட்டிகளை ஃபாஸ்டருக்கு (தத்துப் போகும் வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள) வாங்கி வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஏழு வாரக் குட்டிகள். பூச்சி மருந்து கொடுத்துத்தான் அனுப்பினார்கள். தடுப்பூசியை எட்டு வாரம் ஆனதும் போடலாம் என்றார்கள்.

மூன்றில் சின்னவள் மிளகு. நேற்று ராத்திரி சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு விலகிப் போனாள். இன்று காலையிலிருந்து நான்கு தடவை வாந்தி, கடைசி இரண்டும் வெறும் மஞ்சள் நுரை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தே இருக்கிறாள், ஒரு வாய் குடிக்கவில்லை. சமையல் தராசில் முந்தாநாள் 640 கிராம், இப்போது 570.

குழுவுக்கு வழக்கமான கிளினிக் கோவையில் இருக்கிறது. வேறு எங்கே காட்டினாலும் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பில்லை ஏற்க முடியாது என்று குட்டிகளைக் கொடுக்கும்போதே சொன்னார்கள். ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு மூன்று மணியிலிருந்து ஆறு முறை அழைத்துவிட்டேன், எடுக்கவில்லை. எங்களிடம் கார் இல்லை. வீட்டுக்காரர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்.

நானே உள்ளூரில் காட்டிவிடலாமா? காட்டினால் குட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. காய்ச்சலாக இருக்கும், குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ரெண்டு சொட்டு விடு என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கொடுக்கலாமா?

பொள்ளாச்சி இளநீர் · 7:52

பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம். பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது, இரத்தமே கெட்டுப்போகும். இந்த எடைக்கு ரெண்டு சொட்டுகூட ஆபத்து. பாட்டி நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அந்தப் பாட்டிலை எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள், அதிலும் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போடுவது, எனக்குப் பார்வோவை ஞாபகப்படுத்துகின்றன. பூனைகளுக்கு வரும் வைரஸ் குடல் நோய், டாக்டர்கள் பான்லூக்கோபீனியா என்பார்கள். தடுப்பூசி போடாத குட்டிகளைத்தான் முதலில் பிடிக்கும். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். எதுவானாலும் 70 கிராம் இறங்கிய குட்டியை வைத்துக்கொண்டு காலை வரை காத்திருக்க முடியாது.

இப்போதே செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். விலகிப் போக அவளுக்கு இடம் இருக்கட்டும். வாயில் பாலோ கஞ்சியோ ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்கும் குட்டிக்குப் புரையேறிவிடும். தெர்மாமீட்டர் இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 100.5-லிருந்து 102.5 வரை சாதாரணம். 99-க்குக் கீழே போனால் ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டாம்.

கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி வந்துவிடுங்கள். இங்கே இரவில் பார்க்கும் ஒரு டாக்டரிடம் நான் கேட்டு வைக்கிறேன்.

மருந்துக்கூடை · 8:03

நான் ஒரு சிறிய குழுவில் மருத்துவச் செலவுக் கணக்குப் பார்ப்பவள், அதனால் அந்தப் பக்கத்தையும் சொல்கிறேன். ஃபாஸ்டரில் இருக்கும் வரை குட்டிக்குப் பொறுப்பு குழுவுடையது. கிளினிக் சலுகை விலையில் பார்ப்பது குழுவின் பெயருக்காக. முன்பு என்ன மருந்து போனது என்ற விவரமும் அந்தக் கோப்பில்தான் இருக்கும். ஒரு குட்டிக்கு ஆயிரக்கணக்கில் போனால் அடுத்த மாதம் கருத்தடைக்கு வைத்த பணம் காலியாகிவிடும். அனுமதி கேட்பது அதற்காகத்தான், உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த விதி கண்ணில் பீளை, காதில் பூச்சி மாதிரி நாளைக்குப் பார்த்தாலும் ஆகிற விஷயங்களுக்கு. மூச்சு இழுப்பது, வலிப்பு, நிற்காத ரத்தம், ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பது, குட்டி வாந்தி எடுத்துத் துவள்வது, இதெல்லாம் வந்தால் முதலில் உயிர். இதை மறுக்கும் குழுவை நான் பார்த்ததில்லை.

இப்போது இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில், குழுவின் கோவைக் கிளினிக்குக்கே நேராக போன் போடுங்கள். உங்களுக்கு அக்காவைத் தவிர யாரையும் தெரியாது, ஆனால் வரவேற்பில் இருப்பவர்களுக்குக் குழுவில் இன்னொருவர் எண் கண்டிப்பாகத் தெரியும். அடுத்து, அழைத்துக்கொண்டே இருக்காமல் எழுதி அனுப்புங்கள், இப்படி:

"மிளகு, 7 வாரம், 640-லிருந்து 570 கிராம். காலையிலிருந்து 4 வாந்தி, தண்ணீர் குடிக்கவில்லை. 3 மணியிலிருந்து உங்களை அழைக்கிறேன். 8:30-க்குள் பதில் வராவிட்டால் அருகில் உள்ள டாக்டரிடம் கொண்டு போகிறேன். முதலில் டெஸ்டும் ட்ரிப்பும் மட்டும், அதற்கு மேல் போனால் உங்களைக் கேட்டுத்தான்."

கூடவே வாந்தியின் படம், தராசின் படம். பில்லில் உங்கள் பெயரோடு குழுவின் பெயரும் குட்டியின் பெயரும் இருக்க வேண்டும். பின்னால் பணம் கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

சித்தூர்ப்புழை · 8:10

பொள்ளாச்சி அக்கா சொன்னதில் ஒரே ஒரு மாற்றம். ராத்திரி எட்டு மணிக்குக் கேரள ஆட்டோக்காரர் தமிழ்நாட்டுக்குள் வரத் தயங்குவார், பெர்மிட் பிரச்சினை. கார் இல்லாதவருக்குப் பாலக்காடுதான் சுலபம். டாக்டர் மலையாளத்தில் பேசினால் என்ன, நம் பக்கத்தில் யாருக்குப் புரியாது?

ஊரில் உள்ள மிருகாசுபத்திரி இந்நேரம் பூட்டியிருக்கும். பகலில் அது நல்ல இடம், டாக்டரும் பொறுமையாகப் பார்ப்பார், ஆனால் மாடு ஆட்டுக்கு இருக்கும் அளவுக்குப் பூனைக்கு மருந்து இருப்பு இருக்காது. மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிக்கே போய்விடு என்று யாராவது சொல்வார்கள். பெரிய இடம்தான். ஆனால் குதிரான் சுரங்கம் தாண்டித் திருச்சூர் வரை போக வேண்டும், துவண்ட குட்டிக்கு அந்தத் தூரம் ஆகாது. முதலில் பக்கத்தில் ட்ரிப் ஏறட்டும்.

கிளம்பும் முன் போனில் மூன்றே கேள்வி: இப்போது டாக்டர் இருக்கிறாரா? பார்வோ கிட் (அந்த நோயைக் கண்டறியும் டெஸ்ட்) இருக்கிறதா? இவ்வளவு சின்னக் குட்டிக்கு ஊசி ஏற்றுவார்களா? நாய்க்கு வைத்திருக்கும் பார்வோ கிட்டிலேயே பூனைக்கும் பார்க்கலாம். தொற்றாக இருக்கலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், மற்ற குட்டிகள் இருக்கும் அறையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

பனைமரத்து வீடு · 8:21

வெப்பம் 98.9. செய்தி அனுப்பிவிட்டேன். பாலக்காட்டில் நான்கு இடத்துக்குப் போன் போட்டதில் ஒருவர் வரச் சொன்னார். எதிர்வீட்டு அண்ணன் ஆட்டோ எடுக்கிறார். காய்கறிக் கூடையில் துண்டு போட்டுக் கிளம்புகிறேன்.

பனைமரத்து வீடு · இரவு 11:35

கிட்டில் பாசிட்டிவ். வெள்ளையணுவும் குறைந்திருக்கிறது. குட்டிக்கு நரம்பு கிடைக்காமல் மூன்றாவது முயற்சியில்தான் ஏறியது, நான் வெளியே போய் நின்றுவிட்டேன். மூன்று நாள் அங்கேயே வைத்திருக்கச் சொல்கிறார் டாக்டர். வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது, தண்ணீர்ச் சத்தும் சூடும் குறையாமல் வாந்தியை நிறுத்தி வேறு கிருமி நுழையாமல் பார்த்துக்கொண்டால் அவள் உடம்பே போராடும் என்றார்.

மருந்துக்கூடை அக்கா, நீங்கள் சொன்னபடி கோவைக் கிளினிக்கில் கேட்டதால் குழுவில் இன்னொரு அண்ணன் எண் கிடைத்தது. ஒருங்கிணைப்பாளர் அக்கா அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போனைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். அவர்மேல் கோபப்பட்டதற்கு இப்போது வருத்தமாக இருக்கிறது. கோவை டாக்டரும் பாலக்காட்டு டாக்டரும் போனில் பேசிக்கொண்டார்கள். 3,400 ரூபாய் இப்போதைக்கு நான் கட்டினேன், குழு தருகிறது.

மீதி இரண்டும், வீட்டில் இருக்கும் எங்கள் நான்கு வயதுப் பூனையும்? அவளுக்குத் தடுப்பூசி முறையாகப் போட்டிருக்கிறது.

பொள்ளாச்சி இளநீர் · மறுநாள் காலை 6:15

ராத்திரி தூங்கவில்லை, உங்கள் செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவளுக்குப் பயம் குறைவு. ஆனாலும் வேறு அறை, வேறு தட்டு.

மற்ற இரண்டுக்கும் நோய் உள்ளே இருந்துகொண்டு இன்னும் வெளியே தெரியாமல் இருக்கலாம், தொற்றிய பிறகு இரண்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் காட்டும். காலை மாலை எடையும் வெப்பமும் எழுதுங்கள். தெம்பாக இருந்தால் உடனே தடுப்பூசி போடலாமா என்று டாக்டரிடம் இன்றே கேளுங்கள், எட்டு வாரம் ஆகட்டும் என்று தள்ள வேண்டாம்.

வீட்டைக் கழுவுவதில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். இந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரைகூட இருக்கும், சானிடைசருக்குச் சாகாது. டெட்டாலும் ஃபினாயிலும் பூனைக்கே விஷம், அந்த அறையில் வேண்டவே வேண்டாம். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்குப் போகத் தேயுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் திரவ பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊற விட்டுக் கழுவுங்கள். வேறு எதனோடும் பிளீச்சைச் சேர்க்காதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு குட்டிகளை விடுங்கள். அட்டைப்பெட்டி, கயிறு சுற்றிய கம்பம், பழைய துணி எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள், மனசு வராது, ஆனால் எரித்துவிடுங்கள். அந்த அறைக்கு ஒரு செருப்பு தனியாக வையுங்கள். மனிதர்களுக்கு இது வராது, நம் செருப்பிலும் துணியிலும் ஏறிப் போகும்.

மருந்துக்கூடை · 9:30

குழுவிடம் இதையும் சொல்லுங்கள்: அந்தக் குட்டிகளை வாங்கிய நாளில் அங்கே வேறு எந்தக் குட்டிகள் இருந்தன, அவை யார் வீட்டுக்குப் போயின? அந்த வீடுகளுக்கெல்லாம் இன்றே போன் போக வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியை உங்கள் வீட்டுக்கு ஒரு வருடத்துக்கு அனுப்பக் கூடாது என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பனைமரத்து வீடு · ஆறாம் நாள்

மிளகு நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள், 560 கிராம். வேகவைத்த கோழியை அவளாகவே இரண்டு வாய் தின்றாள். ஐந்து நாள் தாண்டினால் பெரும்பாலும் தேறிவிடும் என்றார் டாக்டர்.

மீதி இரண்டு குட்டிகளில் உப்பு போய்விட்டான். மூன்றாம் நாள் காலையில் எடை சரியாகத்தான் இருந்தது, மத்தியானம் துவண்டான், பாலக்காடு போய்ச் சேரும் முன்பே முடிந்தது. தோப்பில் பனைக்குக் கீழே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். சீரகத்துக்கு எதுவும் வரவில்லை, தடுப்பூசி போட்டாயிற்று.

குழுவோடு பேசி முடித்த ஏற்பாடு, இந்தப் பக்கம் ஃபாஸ்டர் செய்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எங்களுக்கு இப்போது இரண்டு எண், ஒன்று எடுக்காவிட்டால் இன்னொன்று. அரை மணி நேரத்தில் பதில் இல்லை என்றால் 3,000 ரூபாய் வரை நாங்களே முடிவெடுக்கலாம், பில்லோடு ஆட்டோக் காசும் தருவார்கள். பாலக்காட்டு டாக்டரின் பெயரையும் அவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஏழு வாரக் குட்டியைத் தடுப்பூசி இல்லாமல் இனி அனுப்ப மாட்டார்களாம், ஆறு வாரத்திலேயே முதல் ஊசி.

சீரகத்துக்கு அடுத்த ஊசியை இங்கேயே மிருகாசுபத்திரியில் போட்டுக்கொள்ளலாமா, கோவைக்குத்தான் போக வேண்டுமா?

சித்தூர்ப்புழை · இரவு 8:40

உப்புக்காக ரொம்ப வருத்தமாக இருக்கிறது அம்மா.

பூனைக்கான மூன்று நோய் ஊசியை மிருகாசுபத்திரியில் எப்போதும் வைத்திருக்க மாட்டார்கள், முன்கூட்டிக் கேளுங்கள். இல்லையென்றால் பாலக்காட்டிலேயே போட்டுவிடுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என்று பதினாறு வாரம் வரை போக வேண்டும், நடுவில் விடாதீர்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி, அது மிருகாசுபத்திரியிலேயே கிடைக்கும். பாட்டிலில் உள்ள ஸ்டிக்கரைக் கார்டில் ஒட்டச் சொல்லி, படம் எடுத்து அன்றைக்கே குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். தத்துக் கொடுக்கும்போது முதலில் கேட்பது அந்தக் கார்டைத்தான்.