போதை ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிக்கு மதுரைப் பக்கம் சிகிச்சை: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் இருக்கும் என் சித்தி மகனுக்காகக் கேட்கிறேன். வயது 22. டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான். முழங்கை மடிப்பில் சீழ்க்கட்டி வந்து ஒரு மருத்துவமனைக்குப் போனோம். கட்டுப் போட்டுவிட்டு, "போலீஸ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து டாக்டர் என்றாலே ஓடுகிறான்.

"நாலு அடி போடுங்க, சரியாயிடும்" என்று யாரும் எழுத வேண்டாம். அதைச் சித்தப்பா செய்து பார்த்தாயிற்று.

விட வேண்டியது அவன்தான், அவனுக்குப் பதில் நான் விட முடியாது. ஆனால் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே! இந்த மாத்திரை ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்வது, மூச்சை மந்தமாக்கும். சரக்கோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. அடுத்தவன் போட்ட ஊசியைப் போட்டுக்கொண்டால் ஹெச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வரலாம். எல்லாம் சொன்னேன். சண்டை போடாமல் கேட்டுக்கொண்டான், அதுவே பெரிய விஷயம்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், போதை ஊசிக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரை கொடுக்கும் மையம் மதுரைப் பக்கம் எங்கே இருக்கிறது? அங்கே மரியாதையாகப் பேசுவார்களா? மூச்சு அடங்கினால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று தெரியும். வண்டி வரும்வரை கொடுக்க, ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ள யாராவது எழுதித் தருகிறார்களா? அப்புறம், 14446 போதை மீட்பு உதவி எண்ணில் பேசியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். இன்பாக்ஸில் என்றாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான், அதற்குள் தெரிந்தால் கையோடு கூட்டிப் போய்விடுவேன்.